லண்டன் பலகைத் தரையும் வன்னிக் கூரையும்: நிலத்துக்குக் கீழே றெஜிபோம் போடலாமா?

17.04.2024, கேள்வி, வன்னியில் முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி

அண்ணை, அக்காவின் வீடு லண்டன் ஈஸ்ட்ஹாமில். நூறு வருசத்துக்கு மேற்பட்ட பழைய வீடு, முன்னறைக்குப் பலகைத் தரை. மாசியில் அந்தப் பலகைக்குக் கீழே பஞ்சு அடைத்தார்களாம், இப்போது வீட்டுக்குள் சப்பாத்து இல்லாமல் நடக்கலாம் என்கிறா. நாங்கள் இங்கே வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். அத்திவாரம் முடிந்து கிரவலும் நிரப்பியாயிற்று. அத்தான் போனில் ஒரே பிடி: "கொங்கிறீற் போட முதல் இரண்டு அங்குல றெஜிபோம், அந்த வெள்ளை நுரை அட்டை, பரவுங்கோ. இங்கே குளிரை மறிக்கிற சாமான் அங்கே வெயிலை மறிக்கும். காசு நான் அனுப்புறன்." மேசன் தலையைச் சொறிகிறார். நீங்கள் லண்டனில் இந்த வேலை செய்ததாகக் கேள்விப்பட்டேன். போடலாமா?

17.04.2024, இரவு 9.40

வேண்டாம் தங்கச்சி. ஆனால் அத்தான் அனுப்புகிற காசை வாங்கி வையுங்கள், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

அக்கா வீட்டுத் தரை நிலத்தில் இருக்கவில்லை. சுவருக்குச் சுவர் மரச் சட்டம், அதன்மேல் முக்கால் அங்குலப் பலகை, அதற்குக் கீழே வெறும் பள்ளம். பள்ளத்தில் ஈரம் தேங்கிச் சட்டம் உக்கிவிடக் கூடாது என்பதற்காக வெளிச்சுவரில் ஓட்டைக் கல் வைத்துக் கட்டியிருப்பார்கள். தை மாசத்துக் குளிர்காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போகும். இவ்வளவு காலமும் அக்கா காற்றடிக்கிற பாலத்தின்மேல் நின்றுதான் தேத்தண்ணி குடித்திருக்கிறா.

உங்கள் தரை அப்படியில்லை. கொங்கிறீற், கிரவல், அதற்குக் கீழே பூமி. ஆழத்து மண்ணின் சூடு மாசத்துக்கு மாசம் பெரிதாக ஏறி இறங்காது, அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். லண்டனில் அது 11 பாகை அளவு, இங்கே 28. சித்திரையில் வெளியே 35 பாகை, எங்கள் தோல் 33, 34. ஆகவே வன்னியில் நிலம் எங்களிடமிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிற பக்கம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கட்டில் இருக்க, வெறும் சீமெந்தில் துண்டை விரித்துப் படுக்கிறோமே, அது இதனால்தான். உடம்புக்கும் பூமிக்கும் நடுவில் றெஜிபோமைச் செருகினால் இருக்கிற ஒரே குளிர்ச்சியையும் காசு கொடுத்து அடைத்துவிடுவீர்கள்.

17.04.2024, இரவு 10.15

விட்டுப்போனது: கறையான். றெஜிபோம் கறையானுக்குச் சாப்பாடு இல்லை, ஆனால் அதற்குள் சுரங்கம் வெட்டிக்கொண்டு மேலே வரும், வெளியே ஒரு மண்கோடும் தெரியாது. கதவு நிலை உள்ளே கோறையான பிறகுதான் தெரியவரும்.

20.04.2024

"அந்தப் பலகைக்குக் கீழே போய்ப் பார்த்திருக்கிறீர்களா, அல்லது படித்துவிட்டு எழுதுகிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

மூன்று குளிர்காலம் அந்தப் பள்ளங்களுக்குள் கிடந்தேன். முன்னறையில் இரண்டு பலகையைக் கிளப்பி, தலையில் விளக்கைக் கட்டி, மல்லாக்க இறங்கவேண்டும். சில வீடுகளில் நெஞ்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். நூலாம்படை வாயில் ஒட்டும். போன தலைமுறை மேசன் உடைத்துக் கொட்டிய சாந்துக் கட்டி முதுகில் குத்தும். மேலே வீட்டுக்காரம்மா நடப்பது, பலகை இடுக்கால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழுவதில் தெரியும். அந்த இடுக்கில் கையை வைத்தால் காற்று விரலில் படும். குளிர் முழுக்கப் பலகையைத் துளைத்து வருவதில்லை, பாதி இந்த இடுக்குகளால் வருகிறது என்று அங்கே படுத்துக் கிடந்தபோதுதான் புரிந்தது.

வேலை இதுதான். சட்டங்களுக்கு அடியில் வலையை அடித்து, அது தாங்க, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் கனிமப் பஞ்சை நிரப்புவது. கணக்கும் சின்னக் கணக்குத்தான். மென்மரம் வெப்பத்தைக் கடத்தும் அளவு 0.13, பஞ்சு 0.038 அளவு. தடிப்பை மீற்றரில் எடுத்து இந்த அளவால் பிரித்தால் வருவது தடை, சூட்டை மறிக்கிற அளவு. 20 மி.மீ. பலகை தரும் தடை 0.15. 100 மி.மீ. பஞ்சு தருவது 2.6. பலகையால் மட்டும் அந்தத் தடையைப் பெற நினைத்தால் 34 சென்ரிமீற்றர் தடிப்பில் மரம் வேண்டும். இங்கிலாந்தில் பழைய தரையைத் திருத்தினால் எட்டவேண்டிய யு பெறுமதி 0.25. சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, கால் வாட்டுக்கு மேல் ஒழுகக் கூடாது என்று பொருள்.

ஆனால் தாளில் உள்ள கணக்குத் தரையில் வருவதில்லை. என் முதல் வீட்டில் வலை தொய்ந்து, பஞ்சு இரண்டு விரல் இறங்கிவிட்டது. பலகைக்கும் பஞ்சுக்கும் இடையில் வந்த அந்த இடைவெளிக்குள் குளிர்காற்று ஓடத் தொடங்கியது. போர்வையை உடம்பிலிருந்து ஒரு அடி தள்ளி விரித்துப் பிடித்துக்கொண்டு படுத்தால் எப்படி, அப்படி. வீட்டுக்காரம்மா மறுவாரமே கூப்பிட்டா: "ஒரு வித்தியாசமும் இல்லை." உண்மையில் இல்லைத்தான். திரும்பப் போய் முழுக்கக் கிளப்பி, பலகையில் முட்டமுட்ட அடைத்துவிட்டு வந்தேன். அந்த இரண்டாம் நாளுக்குச் சம்பளம் கிடையாது.

21.04.2024

ஓட்டைக் கல்லை அடைத்துவிட்டால் காற்றும் நிற்கும், பஞ்சுச் செலவும் மிச்சம் என்று ஒருவர். அடைக்கக் கூடாது. பள்ளத்து ஈரம் போக வழியில்லாமல், சட்டத்தின் சுவருக்குள் இருக்கிற முனை உக்கும். குத்தூசியால் குத்தினால் கேக் மாதிரி உள்ளே இறங்கிய முனைகளைப் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்கும் பஞ்சுக்கும் அடியில் குறைந்தது 150 மி.மீ. காற்றிடம், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 1500 சதுர மி.மீ. திறப்பு என்பது அங்கத்தைய விதி. அடைக்க வேண்டியது பலகை இடுக்கையும் சுவரோரத்தையும்தான்.

கொம்பறையை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஆட்கள் நெல்லுக்குக் கட்டினதும் அப்படித்தான், கல்லில் தூக்கி வைத்து, கீழே காற்று ஓட விட்டு. நெல்லுக்கு ஈரம் ஆகாது என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதியை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

24.04.2024

"சூடு மேலேதானே போகும், தரை வழியாக எப்படிப் போகும்? வன்னியில் கூரைச் சூடு கீழே எப்படி வரும்?" மாங்குளத்துத் தம்பி கேட்ட கேள்வி. இந்த இழையிலேயே நல்ல கேள்வி. தம்பி, இதற்கு விடை கிடைத்தால் அத்தான் எங்கே பிழைத்தார் என்றும் தெரியும், எங்கே சரி என்றும் தெரியும்.

மேலே போவது சூடான காற்று. சூட்டுக்கு மேல் கீழ் இல்லை, குளிர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். லண்டன் அறையில் ஹீற்றர் சூடு பலகை வழியாகக் குளிர்ந்த பள்ளத்துக்கு இறங்குகிறது. கிளிநொச்சி வீட்டில் கூரைச் சீற்றின் சூடு கட்டிலில் கிடக்கிற ஆளுக்கு இறங்குகிறது. ஆக இரண்டு ஊரிலும் சூடு கீழ்நோக்கித்தான் போகிறது. அக்காவின் தரையும் உங்கள் கூரையும் ஒரே கணக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? நடுவில் ஒரு காற்றிடை இருக்கிறது என்று வையுங்கள். சூடு கீழிருந்து மேலே போனால் காற்று சுழன்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். மேலிருந்து கீழே வருவதென்றால் சூடான காற்று மேலேயே ஒட்டி நிற்கும், சுழலாது. அப்போது சூட்டுக்கு மிஞ்சுகிற பெரிய வழி கதிர்வீச்சுத்தான், தணலுக்கு முன் கையை நீட்டினால் படுகிறதே, அது. மரம், ஓடு, சீமெந்து எல்லாம் அதை நன்றாக வீசும், வீசுதிறன் 0.9. சுத்தமான அலுமினியத் தாளுக்கு 0.05தான். 10 சென்ரிமீற்றர் அடைத்த காற்றிடைக்குக் கீழ்நோக்கிய தடை சாதாரணமாக 0.22. அதன் ஒரு முகத்தில் தாளை விரித்தால் ஏறத்தாழ 1.6. அதே தாள், அதே இடைவெளி, சூடு மேலே போகிற நிலை என்றால் 0.45ஐத் தாண்டாது.

ஆகவே அத்தானிடம் சொல்லுங்கள்: சாமான் வேலை செய்யும், ஆனால் தரையில் இல்லை, தலைக்கு மேலே.

24.04.2024, சற்றுப் பின்

தம்பி: "அப்ப வன்னிக்காரர் லண்டன் வீட்டுக்குள் தலைகீழாக நிற்கிறார்கள்." ஓம், வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

02.05.2024

இது கொஞ்சம் இழையை விட்டு விலகும்.

மீள்குடியேறி வந்த புதிதில் எங்களுக்குத் தகரமும் தறப்பாளும்தான் வீடு. காலை பத்து மணிக்கு அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மாமரத்துக்குக் கீழே போய்விடுவா, நாலு மணிக்குத்தான் வருவா. நடுவில் ஏதாவது எடுக்க உள்ளே போனால் உச்சந்தலையில் யாரோ கை வைத்த மாதிரி இருக்கும். காற்று அவ்வளவு சூடில்லை, தகரம் வீசுகிற கதிர்தான் அந்தக் கை. அதே வளவில் பெரியப்பாவின் கிடுகுக் கொட்டில். மத்தியானம் ஊரே அங்கேதான். ஓலைக்கு நடுவில் சிக்கிய காற்றுத்தான் அதன் பஞ்சு, கூடவே ஓலையின் அடிப்பக்கம் தகரம் மாதிரிக் கொதிப்பதில்லை. ஆனால் கிடுகை அடிக்கடி மாற்றவேண்டும், பொறி பறந்தால் எல்லாம் முடிந்தது. யாரும் மறுபடி கிடுகுக்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

2012க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 550 சதுர அடி, ஐந்தரை லட்சம் ரூபாய். சுவரும் கூரையும் எழும்புவதே பெரும்பாடு, சீலிங் பிறகு பார்ப்போம் என்று விட்டவர்கள்தான் அதிகம். அந்தப் "பிறகு" பல வீடுகளில் இன்னும் வரவில்லை. 2016 அளவில் 65,000 இரும்பு வீட்டுத்திட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் வாதம் நடந்ததே, அதில் முதல் கேள்வியும் இதுதான்: இந்த வெயிலுக்கு இரும்பு வீடா?

ஓடு நல்லதுதானே என்பவர்களுக்கு: நல்லது. குரங்கு இல்லாத ஊரில். எங்கள் ஒழுங்கையில் ஓடு போட்ட மூன்று பேரும் மாசத்துக்கு ஒருமுறை கூரையில் ஏறுகிறார்கள், குரங்கு ஏறி இறங்கிய பிறகு.

11.05.2024

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அஸ்பெஸ்ரஸ் சீற். போன வருசம் இரண்டு பக்கமும் பளபளக்கிற போயில், அதாவது மேலே சொன்ன அலுமினியத் தாள், வாங்கினேன்.

முதல் அறையில் பிழை விட்டேன். கைமரத்துக்கு மேலே, சீற்றில் முட்டும்படி இழுத்து அடித்துவிட்டேன். பார்க்க வடிவாக இருந்தது. அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் சூரன். சீற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் நடுவில் காற்றிடை இல்லை, மேல்முகம் வெறும் சீற்றாகிவிடுகிறது. இரண்டாம் அறையில் கைமரத்தின் அடிப்பக்கத்தில் அடித்தேன், நாலு அங்குலம் இடைவிட்டு. முகட்டில் சூடான காற்று வெளியேற வாய் விட்டேன். ஆணி கைமரத்தில் மட்டும். சீற்றைத் துளைக்கவும் அரியவும் வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

மருமகனின் துவக்கு வெப்பமானியால் பிற்பகல் இரண்டு மணிக்குச் சுட்டேன். வெறும் சீற்றின் அடிப்பக்கம் 56. இரண்டாம் அறைப் போயில் 32! அறைக் காற்றே 34 இருக்க, போயில் 32. ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

13.05.2024

முந்தைய குறிப்பில் உள்ள 32 பிழை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அந்தத் துவக்கு ஒரு பொருள் வீசுகிற கதிரைப் பார்த்துச் சூட்டைச் சொல்வது. பளபளப்பான தாள் தன் கதிரை வீசாது, கண்ணாடி மாதிரி எதிரில் இருப்பதைக் காட்டும். நான் அளந்தது கூரையை இல்லை, கீழே இருக்கிற சீமெந்துத் தரையை. வவுனியாவில் ஏசி வேலை செய்கிற ஒருவர் தனியாக எழுதிச் சொன்னார். இன்றைக்குப் போயிலில் வயர் சுற்றுகிற கறுப்பு ரேப்பை நாலு விரல் அகலத்துக்கு ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, அதைச் சுட்டேன். 41.

காசு வீணா? இல்லை. 41 ஆனாலும் அதன் கீழ்முகமும் பளபளப்பு, எங்கள்மேல் அவ்வளவாக வீசாது. சீற்றுக்கு நேர்கீழே ஒரு பாகை வித்தியாசத்துக்கு சதுர மீற்றருக்கு 6 வாட் அளவில் கதிராக உடம்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது, போயிலிலிருந்து இறங்குவது அதில் சிறு பங்குதான். இப்போது மத்தியானம் அந்த அறையில் இருக்கலாம், முதல் அறையில் இருக்க முடியாது. அம்மாவிடம் வெப்பமானி இல்லை, ஆனால் பாய் இரண்டாம் அறைக்கு மாறிவிட்டது.

14.05.2024

இன்னொரு திருத்தம். 1.6 என்று எழுதியது அடைத்த இடைவெளிக்கும் சுத்தமான தாளுக்கும். முகட்டில் வாய் விட்ட கூரையில் காற்றும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் அந்த எண் நேராகப் பொருந்தாது. புழுதி வேறு. கிரவல் ரோட்டோர வீட்டில் தாளின் மேல்முகம் இரண்டு வருசத்தில் சிவந்துவிடும், அதன்பிறகு அது வெறும் தாள். கீழ்முகத்தில் புழுதி தங்காது. ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிற தாள் கிடைத்தால் அந்தப் பக்கத்தைக் கீழே பார்க்க அடியுங்கள்.

15.05.2024

கூரை ஏற அவசரப்படுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு ஏறுங்கள்.

அலுமினியத் தாள் மின்சாரத்தையும் கடத்தும். வயர் ஓடுகிற கைமரத்தில் பார்க்காமல் ஸ்ரேப்பிளை அடித்தால், அந்த ஊசி வயருக்குள் இறங்கி முழுத் தாளிலும் கரண்ட் நிற்கும். ஆஸ்திரேலியாவில் 2009, 2010இல் அரசு காசு கொடுத்து வீடுகளுக்கு இன்சுலேசன் போடவைத்தபோது நாலு இளம் தொழிலாளர்கள் செத்தார்கள். மூன்று பேர் மின்சாரத்தால், ஒருவர் கூரைக்குள் இருந்த வெக்கையால். நியூசிலாந்தில் பலகைத் தரைக்குக் கீழேயே போயில் அடிக்கிற வழக்கம் நெடுங்காலம் இருந்தது, கீழ்நோக்கிய கணக்கு அங்கே நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அங்கும் ஆட்கள் செத்து, 2016 யூலையிலிருந்து ஏற்கெனவே மின்சாரம் உள்ள வீடுகளில் போயிலைப் புதிதாக அடிப்பதும் பழையதைத் திருத்துவதும் தடை.

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் வயர் எந்த வழியால் போகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். ஏறுவது விடிய ஆறு மணிக்கு, எட்டுக்கு இறங்கிவிட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அரைவாசி வீட்டு வயரிங் சொந்தக்கார பொடியன் செய்தது, என் வீடு உட்பட.

30.07.2024

சோளகம் அடிக்கிறது. போயில் இரவு முழுக்கப் படபடத்தது, யாரோ பிஸ்கட் பக்கற்றை உடைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி. ஒன்றரை அடிக்கு ஒரு மெல்லிய சலாகை குறுக்கே அடித்த பிறகுதான் நித்திரை.

அடுத்த கிழமை மரநாய் தாளுக்கு மேலே நடந்து, கால் வழுகி, பின்னங்கால் இரண்டும் அறைக்குள் தொங்கின. அம்மா அது பேய் என்று நினைத்தா. ஓட்டையை ரேப்பால் மூடியிருக்கிறேன்.

19.11.2024

அத்தானே எழுதியிருக்கிறார், நல்ல மனிதர். றெஜிபோம் கதையை விட்டுவிட்டார். இந்தக் குளிருக்குத் தரை நடுவில் நல்லாக இருக்கிறதாம், சுவரோரம் மட்டும் இன்னும் சில்லென்று வருகிறதாம்.

அத்தான், சுவரோரத்து அடிப்பலகைக்குக் கீழே ஒரு மெழுகுதிரியைப் பிடித்துப் பாருங்கள். சுடர் சாய்கிற இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம். இன்னொன்று, யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்: பஞ்சு அடைத்த பிறகு பள்ளம் முந்தியதைவிடக் குளிரும், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சூடு அங்கே இறங்குவது நின்றுவிட்டது. அதற்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாய்க்கு உறை போட்டார்களா? போடவில்லையென்றால் தை மாசத்துக்கு முன் போடுங்கள், உறைந்து வெடிக்கும்.

05.01.2025

மார்கழி. விடிய 21 பாகை, ஊரே சுவெற்றர். போன சித்திரையில் நிலத்தைப் புகழ்ந்து எழுதிய ஆள் நான். இப்போது அம்மா நிலம் குளிர்கிறது என்று பழைய முதிரைக் கதவுப் பலகையை விரித்து, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பாய் போட்டுப் படுக்கிறா. வன்னியிலும் பலகைத் தரை வேண்டும்தான், ஆறு வாரத்துக்கு, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு. மாசியில் கழற்றிச் சுவரில் சாத்திவிடலாம்.

09.01.2025

முள்ளியவளைத் தங்கச்சி எழுதியிருக்கிறா: நிலம் சும்மா கொங்கிறீற், கூரைக்குச் சீற், இரண்டு அறைக்கும் போயில் அடித்தாயிற்று, மேசன் முதலில் "தாளா?" என்று சிரித்தாராம், இப்போது மத்தியானச் சோற்றை அந்த அறையில் இருந்துதான் சாப்பிடுகிறாராம். மிச்சத் தாளைக் குசினிக்கும் அடிக்கலாமா என்று கேள்வி.

விறகடுப்பு என்றால் வேண்டாம் தங்கச்சி. இரண்டு மாசத்தில் புகைக்கரி படிந்து கீழ்முகம் கறுத்துவிடும், பளபளப்புப் போனால் அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. குசினிக்கு மட்டும் ஓடு போடுங்கள். குரங்குக்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.